இலையுதிர் கால விருந்தும் அடுப்படிச் சுமையும் – ஒரு வரலாற்றுப் பார்வை

முன்னுரை

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் நவம்பர் மாதத்தின் நான்காவது வியாழக்கிழமை 'தேங்க்ஸ்கிவிங்' எனப்படும் நன்றி நவிலும் நாளாகக் கொண்டாடப்படுகிறது. மரங்கள் இலைகளை உதிர்த்து, அறுவடை முடிந்து, குளிர் மெல்லத் தலைகாட்டும் பருவம் அது. பிற பண்டிகைகளில் பரிசு, புத்தாடை, வாணவேடிக்கை எனப் பல இருக்கும். இந்தப் பண்டிகைக்கு முக்கியம் வீட்டில் சமைக்கும் ஒரே ஒரு விருந்துதான். வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் எத்தனை தொலைவானாலும் அன்றைய சாப்பாட்டுக்கு வீடு வந்து சேர்வது வழக்கம்.

முழு வான்கோழி, அதற்கு உள்ளடக்கம், கிரான்பெரிப் பழச் சாறு, உருளைக்கிழங்கு மசியல், பரங்கிக்காய்ப் பண்டம் என்று நீளும் இந்த விருந்தை யார் சமைக்கிறார்கள்? எத்தனை நாள் சமைக்கிறார்கள்? விருந்தினர் வந்து உட்காரும் நேரத்தில் வீட்டுக்காரம்மா களைத்துப் போகாமல் இருக்க என்ன வழி? இந்தக் கேள்விகளுக்கு அமெரிக்கக் குடும்பங்கள் 150 ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடி வருகின்றன. பதற்றம் இல்லாமல் ஒரு இலையுதிர் கால விருந்தை எப்படி நடத்துவது என்ற தேடலின் வரலாறே இக்கட்டுரை.

1621: ஐம்பது பேர் நடத்த, தொண்ணூறு பேர் வந்த விருந்து

1620ஆம் ஆண்டு 'மேஃபிளவர்' கப்பலில் இங்கிலாந்திலிருந்து 102 பயணிகள் புறப்பட்டு, இன்றைய மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிளிமத் என்ற இடத்தில் குடியேறினர். முதல் குளிர்காலத்திலேயே ஏறக்குறைய பாதிப் பேர் நோயிலும் பட்டினியிலும் இறந்து போயினர். அப்பகுதியின் பூர்வகுடிகளான வாம்பனோவாக் மக்களின் உதவியோடு மக்காச்சோளம் பயிரிட்டு, 1621ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நல்ல அறுவடை கண்டனர்.

அந்த அறுவடைக் கொண்டாட்டத்தைப் பற்றி எட்வர்ட் வின்ஸ்லோ என்பவர் 1621 டிசம்பரில் எழுதிய கடிதம் ஒன்று உள்ளது. நான்கு பேர் பறவை வேட்டைக்குச் சென்றதையும், மாசசோயிட் என்ற தலைவர் சுமார் 90 ஆட்களுடன் வந்ததையும், மூன்று நாட்கள் விருந்து நடந்ததையும், வந்தவர்கள் ஐந்து மான்களை வேட்டையாடிக் கொண்டுவந்து கொடுத்ததையும் அது சொல்கிறது. 'நன்றி நவிலும் நாள்' என்ற சொல் அக்கடிதத்தில் இல்லை. வான்கோழி சமைத்ததாகவும் அதில் வெளிப்படையாக இல்லை. உருளைக்கிழங்கு அந்தக் குடியேற்றத்தில் அப்போது கிடையாது. இன்று அந்த விருந்தின் அடையாளமாகக் கருதப்படும் பரங்கிக்காய்ப் பண்டம் செய்யத் தேவையான கோதுமை மாவோ வெண்ணெயோ அவர்களிடம் இருக்கவில்லை.

இங்கு கவனிக்க வேண்டிய ஒரு செய்தி உண்டு. அந்தக் குளிர்காலத்தைத் தாண்டி உயிரோடு இருந்த வயது வந்த பெண்கள் நான்கே பேர். அவர்களும் சில சிறுமிகளும், வேலையாட்களும் சேர்ந்துதான் ஏறக்குறைய 140 பேருக்கு மூன்று நாட்கள் அடுப்பைக் கவனித்திருக்க வேண்டும். ஆனால் சுமை முழுவதும் அவர்கள் தலையில் விழவில்லை. வந்த விருந்தினர்கள் வெறுங்கையோடு வரவில்லை. இறைச்சியில் பெரும்பங்கை அவர்களே கொண்டுவந்தனர். நம் ஊர்ச் சிறுவர்கள் ஆளுக்கொரு பொருள் கொண்டுவந்து பொங்கிச் சாப்பிடும் கூட்டாஞ்சோறு போன்றதுதான் அது.

ஒரு பத்திரிகையாசிரியரின் விடாமுயற்சி

1621ஆம் ஆண்டு விருந்து விரைவிலேயே மறக்கப்பட்டது. 1841இல் அலெக்சாண்டர் யங் என்பவர் வின்ஸ்லோவின் கடிதத்தை மறுபதிப்புச் செய்தபோதுதான், இதுவே முதல் நன்றி நவிலும் நாள் என்று ஓர் அடிக்குறிப்பு எழுதினார். அதற்கு முன்பே நியூ இங்கிலாந்து பகுதியில் ஆண்டுதோறும் இலையுதிர் காலத்தில் நன்றி நாள் அறிவிக்கும் வழக்கம் இருந்தது. முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789 நவம்பர் 26ஆம் நாளை அவ்வாறு அறிவித்தார். ஆனால் ஆண்டுதோறும் நாடு முழுவதும் ஒரே நாளில் கொண்டாடும் வழக்கம் அப்போது இல்லை.

அந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் சாரா ஜோசஃபா ஹேல் (1788–1879). ஐந்து குழந்தைகளோடு 1822இல் கணவரை இழந்த இவர், எழுத்தையே பிழைப்பாகக் கொண்டார். உலகம் முழுவதும் குழந்தைகள் பாடும் மேரியின் ஆட்டுக்குட்டிப் பாடல் 1830இல் இவர் வெளியிட்டதுதான். 1827இல் வெளிவந்த 'நார்த்வுட்' என்ற தம் நாவலில் நியூ இங்கிலாந்தின் நன்றி நாள் விருந்துக்கு ஒரு அத்தியாயத்தையே ஒதுக்கினார். மேசையின் தலைமாட்டில் வான்கோழி, அதைச் சுற்றி மாடு, பன்றி, ஆட்டிறைச்சி, வாத்து, கோழிப் பண்டம், பரங்கிக்காய்ப் பண்டம் என அவர் எழுதிய பட்டியல், பிற்காலத்தில் வீடுகள் பின்பற்றும் இலக்கணமாகிவிட்டது.

1837 முதல் 1877 வரை 'கோடீஸ் லேடீஸ் புக்' என்ற மகளிர் இதழின் ஆசிரியராக இருந்தார் ஹேல். 1860 வாக்கில் அந்த இதழ் ஏறக்குறைய 1,50,000 பிரதிகள் விற்றது. 1840களின் நடுப்பகுதியிலிருந்து ஆண்டு தவறாமல் தலையங்கம் எழுதினார். ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் கடிதம் எழுதினார். கடைசியாக 1863 செப்டம்பர் 28 அன்று ஆபிரகாம் லிங்கனுக்கு எழுதினார். உள்நாட்டுப் போரில் நாடு இரண்டுபட்டுக் கிடந்த நேரம் அது. அக்டோபர் 3 அன்று லிங்கன் நவம்பர் மாதக் கடைசி வியாழக்கிழமையை நாடு முழுமைக்கும் நன்றி நாளாக அறிவித்தார்.

நாடு ஒரே மேசையில் உட்கார வேண்டும் என்ற ஹேலின் ஆசை நிறைவேறியது. கூடவே, நாடெங்கும் உள்ள வீட்டுப் பெண்கள் ஒரே நாளில், ஒரே மாதிரியான பெரிய விருந்தைச் சமைத்தாக வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் பிறந்தது.

குளிர் அறைதான் உறைபெட்டி

19ஆம் நூற்றாண்டின் பெண்கள் இந்தச் சுமையை எப்படிச் சமாளித்தார்கள்? அவர்களுக்குக் கைகொடுத்தது பருவம்தான். நியூ இங்கிலாந்தில் நவம்பர் மாதக் குளிர் கடுமையானது. அடுப்பு இல்லாத அறைகள் இயல்பாகவே உறைநிலையில் இருக்கும். எனவே விருந்துக்கு ஒரு வாரம் முன்பிருந்தே, ஆப்பிள், பரங்கிக்காய், கொத்திய இறைச்சி ஆகியவற்றை மாவுக்குள் வைத்துச் சுடும் பண்டங்களைச் செய்து அந்த அறைகளில் அடுக்கிவிடுவார்கள். தேவைப்படும்போது எடுத்துச் சூடாக்கிக்கொள்ளலாம். ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் 1869இல் எழுதிய 'ஓல்ட்டவுன் ஃபோக்ஸ்' நாவலில் இந்தக் காட்சி விரிவாக வருகிறது. குழந்தைகள் ஆப்பிள் நறுக்குவது, மசாலாப் பொருட்களை இடிப்பது எனக் குடும்பம் முழுவதும் சமையலில் சேர்ந்துகொண்டது.

முன்கூட்டியே செய்து வைத்தல், வேலையைப் பகிர்ந்துகொள்ளுதல் ஆகிய இரண்டும் அன்றே நடைமுறையில் இருந்தன. இன்றைய சமையல் நூல்கள் சொல்லும் ஆலோசனைகளும் பெரும்பாலும் இவைதாம்.

வசதி படைத்த நகர வீடுகளில் நிலைமை வேறு. 1870ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியத்துக்கு வேலை செய்த அமெரிக்கப் பெண்களில் ஏறக்குறைய பாதிப் பேர் வீட்டு வேலைக்காரர்கள். வட மாநில நகரங்களில் அயர்லாந்திலிருந்து குடியேறிய பெண்களும், தென் மாநிலங்களில் கறுப்பினப் பெண்களும் இவ்வேலையில் மிகுதி. அவர்கள் இருந்த வீட்டில் எஜமானி அம்மாள் பதற்றமின்றி விருந்தினரை வரவேற்றார் என்றால், அந்தப் பதற்றம் அடுப்படிக்கு மாற்றப்பட்டிருந்தது என்றே பொருள். தம் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டிய அதே நாளில், அவர்கள் பிறர் குடும்பத்துக்குப் பரிமாறினார்கள்.

அளவும் அட்டவணையும்

1896இல் ஃபேனி ஃபார்மர் எழுதிய பாஸ்டன் சமையல் பள்ளி நூல் வெளிவந்தது. வெற்றி பெறுமா என்ற ஐயத்தில், முதல் 3,000 பிரதிகளுக்கான அச்சுச் செலவைப் பதிப்பாளர் ஆசிரியரையே ஏற்கச் செய்தார். ஆனால் நூல் பெரும் வெற்றி பெற்றது. 'கொஞ்சம்', 'கைப்பிடி' என்ற அளவுகளுக்குப் பதிலாக, தட்டிச் சமப்படுத்திய கோப்பை, தட்டிச் சமப்படுத்திய கரண்டி என்று துல்லியமாக அளக்கும் முறையை அது பரப்பியது. பாட்டியிடம் பார்த்துப் பழகாத இளம்பெண்ணும் நூலைப் பார்த்துச் சமைக்கலாம் என்ற நம்பிக்கையை அது தந்தது. அதே நூலில் நன்றி நாளுக்கான உணவுப் பட்டியலும் உண்டு. சிப்பிச் சூப்பில் தொடங்கிக் கறுப்புக் காப்பியில் முடியும் அந்தப் பட்டியலைப் பார்த்தால், அளவு எளிதானாலும் சமைக்க வேண்டிய வகைகள் குறையவில்லை என்பது தெரியும்.

அடுத்த அடி எடுத்து வைத்தவர் கிறிஸ்டின் ஃபிரெடரிக். தொழிற்சாலைகளில் ஒவ்வொரு வேலைக்கும் ஆகும் நேரத்தை அளந்து வீண் அசைவுகளைக் குறைக்கும் ஃபிரெடரிக் டெய்லரின் முறையைச் சமையலறைக்குக் கொண்டுவந்தார் இவர். 1912இல் 'லேடீஸ் ஹோம் ஜர்னல்' இதழில் எழுதிய கட்டுரைகள் மறு ஆண்டு 'தி நியூ ஹவுஸ்கீப்பிங்' என்ற நூலாயின. எந்தப் பாத்திரம் எங்கே இருக்க வேண்டும், எந்த வேலைக்குப் பின் எது வர வேண்டும் என்ற திட்டமிடல் இதன்மூலம் வீட்டுச் சமையலில் முக்கியத்துவம் பெற்றது.

வேலையாட்கள் இல்லாத விருந்து

முதல் உலகப் போருக்குப் பின் தொழிற்சாலை, அலுவலகம், கடை என வேறு வேலைகள் கிடைத்ததால், வீட்டோடு தங்கி வேலை செய்பவர்கள் அருகிப் போனார்கள். விருந்து முறைகளோ வேலைக்காரர்களை நம்பியே இருந்தன. 1922இல் எமிலி போஸ்ட் எழுதிய நாகரிக முறைகள் பற்றிய புகழ்பெற்ற நூலின் முதல் பதிப்பு, பரிமாற ஆட்கள் இருக்கும் வீட்டையே பெரிதும் மனதில் கொண்டிருந்தது. வேலையாட்கள் இல்லாத வாசகிகள் என்ன செய்வது? 1927ஆம் ஆண்டுப் பதிப்பில் 'மூன்றும் ஒருத்தியே' என்னும் பொருள்படும் பெயருடைய ஒரு கற்பனைப் பெண்மணியை அறிமுகம் செய்தார் போஸ்ட். சமையல்காரி, பரிமாறுபவள், விருந்தளிப்பவள் என மூன்று வேலைகளையும் ஒருத்தியே செய்து, சிரித்த முகத்தோடும் இருப்பவள் அவள்.

பெருமைக்குரிய பாத்திரம்தான். ஆனால் மூன்று பேர் செய்த வேலையை ஒருவர் செய்வதே இயல்பு என்று அது சொல்லாமல் சொன்னது.

1943 மார்ச் மாதம் 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழில் வெளிவந்த நார்மன் ராக்வெல்லின் ஓவியத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். 'வறுமையிலிருந்து விடுதலை' என்னும் பொருள் கொண்ட அந்த ஓவியத்தில், வெள்ளை ஏப்ரன் கட்டிய பாட்டி பெரிய வான்கோழித் தட்டை மேசையில் வைக்கிறார். தாத்தா பின்னால் நிற்கிறார். பேரன் பேத்திகள் முகம் மலர்ந்திருக்கிறார்கள். அமெரிக்க நன்றி நாளின் அடையாளமாகவே அது ஆகிவிட்டது. அந்தப் பாட்டிக்கு மாதிரியாக நின்றவர் ராக்வெல் வீட்டில் சம்பளத்துக்கு வேலை செய்த சமையல்காரப் பெண்மணி என்பது குறிப்பிடத்தக்கது. வான்கோழியைச் சமைத்தவரும் அவரே.

டப்பாக்களின் காலம்

இரண்டாம் உலகப் போருக்குப் பின் உணவு நிறுவனங்கள் இந்தச் சுமையைத் தாங்கள் குறைப்பதாகக் கூறி முன்வந்தன. கிரான்பெரிச் சாறு டப்பாவில் கிடைத்தது. குளிர்பதனப் பெட்டிகள் பரவியதால் உறைந்த வான்கோழியை முன்கூட்டியே வாங்கி வைக்க முடிந்தது. 1950களின் தொடக்கத்தில் ஒமாஹா நகரின் ஸ்வான்சன் நிறுவனம் 'டிவி டின்னர்' என்ற பெயரில், அலுமினியத் தட்டில் வான்கோழி, பட்டாணி, சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றை அடைத்து 98 சென்ட்டுக்கு விற்றது. நன்றி நாள் விருந்தையே ஒரு தட்டுக்குள் சுருக்கிவிட்ட கண்டுபிடிப்பு அது. சமையல் நேரம் அரை மணிக்கும் குறைவு.

1955இல் நியூ ஜெர்சி மாநிலம் கேம்டன் நகரில், கேம்பெல் சூப் நிறுவனத்தின் சோதனைச் சமையலறையில் பணியாற்றிய டோர்கஸ் ரெய்லி (2018இல் மறைந்தார்) ஓர் எளிய பண்டத்தை உருவாக்கினார். பீன்ஸ், டப்பாக் காளான் சூப், பால், மேலே தூவ வறுத்த வெங்காயம் முதலிய ஆறே பொருட்கள். எந்த வீட்டிலும் எப்போதும் இருக்கும் பொருட்களைக் கொண்டு விரைவாகச் செய்ய வேண்டும் என்பதே நோக்கம். பண்டிகைக்காக அதை உருவாக்கவில்லை. ஆனால் முன்தினமே கலந்து வைத்துவிட்டு, கடைசி நேரத்தில் அடுப்பில் வைக்கலாம் என்பதால் நன்றி நாள் மேசையில் அது நிரந்தர இடம் பிடித்தது. அதன் மூலக் குறிப்பு அட்டையைக் கேம்பெல் நிறுவனம் 2002இல் தேசியக் கண்டுபிடிப்பாளர் அரங்குக்கு வழங்கியது.

1960இல் பெக் பிராக்கென், சமைப்பதை வெறுப்பவர்களுக்கான சமையல் நூல் ஒன்றை எழுதினார். சமையலில் ஆர்வம் இல்லாத பெண்ணே இருக்க மாட்டாள் என்று நினைத்த பதிப்பாசிரியர்கள் சிலர் அதை மறுத்தனர். வெளிவந்த பின் அது முப்பது இலட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. எத்தனை பேர் வெளியே சொல்லாமல் இருந்தார்கள் என்பதற்கு அந்த எண்ணிக்கையே சான்று.

கருவிகளும் டப்பாக்களும் இவ்வளவு வந்த பிறகும் சுமை குறையாதது ஏன்? வரலாற்றறிஞர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் எழுதிய 'மோர் வொர்க் ஃபார் மதர்' என்ற நூல் இதற்கு ஒரு விளக்கம் தருகிறது. விறகு வெட்டுவது, தானியம் இடிப்பது போன்று ஆண்களும் பிள்ளைகளும் செய்த வேலைகளைத்தான் தொழில்நுட்பம் முதலில் நீக்கியது. சமைப்பதும் துவைப்பதும் தாயின் பங்காகவே இருந்தன. கூடவே, வீடு எப்படி இருக்க வேண்டும், உணவு எத்தனை வகை இருக்க வேண்டும் என்ற எதிர்பார்ப்பும் உயர்ந்தது. கருவி மிச்சப்படுத்திய நேரத்தை எதிர்பார்ப்பு எடுத்துக்கொண்டது.

தொலைபேசியில் வான்கோழி

1981இல் பட்டர்பால் என்ற வான்கோழி நிறுவனம், சமையலில் சிக்கிக்கொண்டவர்களுக்கு உதவ ஒரு தொலைபேசிச் சேவையைத் தொடங்கியது. மனையியல் படித்த ஆறு பெண்கள் பதில் சொன்னார்கள். முதல் ஆண்டிலேயே சுமார் 11,000 அழைப்புகள் வந்தன. 2013இல் ஆண்களும் ஆலோசகர்களாகச் சேர்க்கப்பட்டனர்; அடுப்படியில் நிற்கும் ஆண்கள் பெருகியதன் அடையாளம் இது எனலாம்.

வான்கோழியை உறைநிலையிலிருந்து இளக்குவதுதான் பலரும் தடுமாறும் இடம். குளிர்பதனப் பெட்டியில் வைத்து இளக்கினால் ஒவ்வொரு 4 முதல் 5 பவுண்டுக்கும் 24 மணி நேரம் ஆகும் என்கிறது அமெரிக்க வேளாண்மைத் துறை. 15 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 7 கிலோ எடையுள்ள பறவைக்கு மூன்று நாட்களுக்கு மேல் தேவை. எனவே வியாழக்கிழமை விருந்துக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் ஆயத்தம் தொடங்கிவிட வேண்டும். உட்புற வெப்பம் 74 டிகிரி செல்சியஸை எட்டினால்தான் இறைச்சி பாதுகாப்பாக வெந்ததாகப் பொருள். நாளையும் வெப்பத்தையும் கணக்கிட்டுவிட்டால் பாதிப் பதற்றம் நீங்கிவிடும்.

மேசையில் இடம் கிடைக்காதவர்கள்

இந்த வரலாற்றில் அடுப்படிப் பெண்களைப் போலவே மறைக்கப்பட்ட இன்னொரு தரப்பும் உண்டு. 1621இல் ஐந்து மான்களோடு வந்த வாம்பனோவாக் மக்கள், அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் (1616–1619) ஐரோப்பியர் வழியே வந்த கொள்ளைநோயில் தம் மக்களில் பெரும்பகுதியை இழந்திருந்தனர். விருந்து நடந்து 54 ஆண்டுகள் கழித்து, 1675இல் குடியேறிகளுக்கும் மாசசோயிட்டின் மகன் மெட்டகோமுக்கும் போர் மூண்டது. 1676இல் கொல்லப்பட்ட மெட்டகோமின் தலை, அதே பிளிமத் ஊரில் பல ஆண்டுகள் கம்பத்தில் வைக்கப்பட்டிருந்தது.

1970இல், கப்பல் வந்த 350ஆம் ஆண்டு விழாவில் பேச அழைக்கப்பட்டார் வாம்சுட்டா ஃபிராங்க் ஜேம்ஸ் என்ற வாம்பனோவாக் தலைவர். அவர் எழுதிய உரையை ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே பார்த்து, அதைப் பேச விடவில்லை. அதனால் அவரும் பிற பூர்வகுடி மக்களும் நன்றி நாளன்று பிளிமத்தின் கோல்ஸ் குன்றில் கூடி, அதைத் தேசியத் துக்க நாளாக அறிவித்தனர். அந்தக் கூட்டம் ஆண்டுதோறும் நடந்துவருகிறது. அன்று பலர் உண்ணாநோன்பு இருக்கிறார்கள்.

முடிவுரை

பதற்றமில்லாத விருந்துக்கு வரலாறு சொல்லும் வழிகள் மிக எளியவை. முன்கூட்டிச் செய்யக்கூடியதை முன்கூட்டிச் செய்ய வேண்டும். இது ஸ்டோவ் காலத்துக் குளிர் அறை தரும் பாடம். வேலைகளை வரிசைப்படுத்தி எழுதி வைக்க வேண்டும். இது கிறிஸ்டின் ஃபிரெடரிக் தரும் பாடம். வகைகளைக் குறைக்கத் தயங்கக் கூடாது. ஆறு பொருட்களால் ஆன பீன்ஸ் பண்டமும் மேசையில் நிலைத்துவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலாக, வேலை ஒருவர் தலையில் விழக் கூடாது.

அண்மைக் காலமாக அமெரிக்க இளைஞர்களிடையே, நண்பர்கள் கூடி ஆளுக்கொரு உணவு கொண்டுவந்து உண்ணும் 'ஃபிரெண்ட்ஸ்கிவிங்' என்ற வழக்கம் பரவியிருக்கிறது. புதுமை போலத் தோன்றினாலும், 1621இல் நடந்ததற்கு மிக அருகில் வருவது அதுதான். விருந்தினர் கையில் ஏதேனும் ஒரு பாத்திரம் இருந்தால், விருந்தளிப்பவருக்கும் உட்கார்ந்து சாப்பிட நேரம் கிடைக்கும். எந்தப் பருவத்தில், எந்த ஊரில் விருந்து வைத்தாலும், சமைத்தவரும் பந்தியில் உட்கார்ந்தாரா என்று கேட்டுப் பார்ப்பது நல்லது.